‘குரூவல்’ என்னும் ஆங்கிலச் சொல்: வரலாறும் வழக்கும்

ஒரு மக்களினத்தின் வரலாற்றைக் கல்வெட்டுக்களிலும் ஏட்டுச் சுவடிகளிலும் தேடுதல் மரபு. அவர்கள் நாள்தோறும் வழங்கும் சொற்களிலும் அவ்வரலாறு புதைந்து கிடக்கின்றது. கல்வெட்டு, அதனை வெட்டுவித்த மன்னன் சொல்ல விரும்பியதையே சொல்லும். சொல்லோ அவன் மறைக்க விரும்பியதையும் ஒருகால் வெளிப்படுத்திவிடும். கொடுமையைக் குறித்து ஆங்கிலத்தில் வழங்கும் ‘குரூவல்’ என்னும் பண்புச்சொல்லும், அதனோடு சேர்ந்த ‘குரூவல்ற்றி’ என்னும் பெயர்ச்சொல்லும் இத்தகையன. பாடநூலில் இச்சொல்லைக் காணும் மாணவர் ‘கொடிய’ எனப் பொருளெழுதிக்கொண்டு அப்பாற் செல்வர். அப்பொருள் பொருத்தமானதே. ஆயின், எது கொடுமை, யார்க்கு இழைக்கப்படுவது கொடுமை, அதனைக் கொடுமையெனத் தீர்ப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் இச்சொல் காலந்தோறும் வெவ்வேறு விடை கூறி வந்துள்ளது. அவ்விடைகளை முறையே நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பிறப்பு

1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழி ஆங்கு அரசவைக்கும் நீதிமன்றுக்கும் உரிய மொழியாயிற்று. அவ்வழியாக ஆங்கிலத்துட் புகுந்த சொற்களுள் ‘குரூவல்’ என்பதும் ஒன்று. 13 ஆம் நூற்றாண்டு தொட்டு அது ஆங்கிலத்தில் வழங்குகின்றது. இதன் மூலம் ‘குரூதேலிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லாகும். அதற்கு இனமானவை இரண்டு: ‘குரூதுஸ்’ என்பது பச்சையான, வேகாத என்னும் பொருளது, ‘குருவோர்’ என்பது காயத்தினின்று வடியும் இரத்தத்தைக் குறிப்பது. தூய்மை செய்யப்படாத மசகெண்ணெய்க்கு அடைமொழியாக ஆங்கிலத்தில் வழங்கும் ‘குரூட்’ என்னும் சொல்லும் இக்குடும்பத்ததே.

வடமொழியில் ‘க்ரூர’ என்பது புண்பட்ட, இரத்தந் தோய்ந்த, கொடிய எனப் பொருள்படும்; ‘க்ரவிஸ்’ என்பது பச்சை இறைச்சி. கிரேக்கத்தில் ‘கிரெயாஸ்’ என்பது இறைச்சி. இவை யாவும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்குப் பொதுவான ஒரு வேரினின்று கிளைத்தவை என்பது ஒப்பியன் மொழிநூலார் முடிபு. ஆகவே, யாம் வடமொழியிலிருந்து பெற்று வழங்கும் ‘குரூரம்’ என்னும் சொல்லும் ஆங்கிலேயர் பிரெஞ்சிலிருந்து பெற்ற ‘குரூவல்’ என்னும் சொல்லும் ஒரே வேரின் இரு கிளைகளாம். இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒலியொப்புமை கண்டு ‘குருதி’ என்னும் தமிழ்ச் சொல்லையும் இக்குடும்பத்திற் சேர்த்தல் கூடாது. குரு என்பது நிறப் பொருளது என்பது தொல்காப்பியத்தால் அறியப்படும். செந்நிறம் பற்றி வந்த பெயரே குருதி என்க.

தூய தமிழ்ச் சொல்லாகிய ‘கொடுமை’ முற்றிலும் வேறொரு காட்சியை அடிப்படையாகக் கொண்டது. கொடு என்பதன் முதற்பொருள் வளைவு. வளைந்த மரமாதலின் வில்லுக்குக் கொடுமரம் எனப் பெயராயிற்று. செந்தமிழுக்கு மறுதலை கொடுந்தமிழ். அது திருந்தாத தமிழேயன்றிக் கொடுமை செய்யும் தமிழன்று. செங்கோலுக்கு மறுதலை கொடுங்கோல். திருக்குறளில் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மை அதிகாரமாக அமைந்ததும் இம்முறை பற்றியே. தமிழர் கொடுமையை நேர்மையினின்று கோடியதாகக் கண்டனர். உரோமர் அதனை இரத்தம் வடியும் பச்சை ஊனாகக் கண்டனர். முன்னது அறத்தின் அளவுகோலை முதலில் நோக்குகின்றது. பின்னது காயத்தை முதலில் நோக்குகின்றது. கொடுமையை முழுதும் உணர்தற்கு இவ்விரு நோக்கும் வேண்டும் என்பது மேலே கூறப்படுவனவற்றால் விளங்கும்.

அறநூலார் கண்ட பொருள்

உரோம அறிஞராகிய செனேக்கா, தம் மாணாக்கனான நீரோ மன்னன் அரியணையேறிய சில காலத்துள், அருளுடைமை பற்றி ஒரு நூல் எழுதி அவனுக்கு உரிமையாக்கினார். அதனுள் அருளுக்கு மறுதலையாகக் கொடுமையை வைத்து, தண்டனை விதிக்குங்கால் மனத்தில் எழும் கடுமையே கொடுமையாகும் என வரையறுத்தார். காரணமின்றிப் பிறரைத் துன்புறுத்தி இன்புறுவோரை இவ்வரையறையுள் அடக்காது, அவர் நிலை விலங்குத்தன்மை என வேறு பிரித்தார். இவ்வேறுபாடு பெரிதும் கருதத்தக்கது. குற்றவாளியைத் தண்டிக்க உரிமையுடையவன் அளவு கடந்து தண்டிப்பதே அவர் கருத்திற் கொடுமை. அதாவது, கொடுமை அதிகாரத்தோடு ஒட்டிப் பிறக்கும் நோய். அந்நூலைப் பெற்ற நீரோவே பின்னர், கி.பி. 65 இல், தம் ஆசிரியரைத் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளுமாறு பணித்தான்.

13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமஸ் அக்குவைனாஸ் செனேக்காவின் கருத்தை ஏற்று, சொற்பிறப்பையும் அதனோடு இயைத்தார். சமைத்த உணவு சுவை தரும்; வேகாதது கரகரப்பும் கசப்பும் உடையது; கொடியோன் மனமும் அவ்வாறு வேகாத மனம் என்றார். எம் வழக்கில் பக்குவம் என்னும் சொல் சமையலுக்கும் மனமுதிர்ச்சிக்கும் ஒப்ப வழங்குதலை நினைவார்க்கு இவ்வுவமையின் நயம் எளிதிற் புலனாகும்.

16 ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாடு சமயப் போர்களாற் சிதைந்தது. 1572 ஆம் ஆண்டிற் பாரிசில் புரொட்டஸ்தாந்தர் பெருந்தொகையினராகக் கொல்லப்பட்டனர். அக்காலத்தவரும் போர்தோ நகர நீதிமன்றில் கடமையாற்றியவருமான மொந்தேன், 1580 இல் வெளியிட்ட தம் கட்டுரைகளுள் ஒன்றுக்குக் கொடுமை என்றே பெயரிட்டார். தீமைகள் அனைத்தினும் தாம் மிக வெறுப்பது அதுவே என்றார். உயிரைப் போக்குதலோடு நில்லாது மேலும் செய்யப்படும் வதை யாவும், நீதியின் பெயராற் செய்யப்படினும், வெறுங் கொடுமையே என்றார். கோழைமையே கொடுமையின் தாய் என்பது அவர் எழுதிய வேறொரு கட்டுரையின் பொருள். செனேக்கா மன்னனுக்குக் கூறியதை மொந்தேன் நீதிபதிக்குக் கூறினார்.

சட்டத்துட் புகுந்த சொல்

அறநூற் சொல்லாக இருந்த இது 17 ஆம் நூற்றாண்டிற் சட்டச் சொல்லாயிற்று. அமெரிக்காவிற் குடியேறிய ஆங்கிலேயர் மசாசூசெற்ஸ் குடியேற்றத்தில் 1641 ஆம் ஆண்டு இயற்றிய உரிமைத் தொகுப்பு, கொடிய உடற்றண்டனைகளை விலக்கியதோடு, மனிதன் தன் பயன் கருதி வளர்க்கும் விலங்குகட்கும் கொடுமை செய்யலாகாது எனவும் விதித்தது.

இச்சொல்லுக்கு உலகப் புகழ் தந்தது இங்கிலாந்தின் 1689 ஆம் ஆண்டு உரிமைச் சட்டமாகும். அதன் பின்னணியில் நிற்பவன் தைற்றஸ் ஓற்ஸ் என்பவன். கத்தோலிக்கர் மன்னனைக் கொல்லச் சதி செய்கின்றனர் என 1678 இல் இவன் கட்டிய பொய்க்கதையை நாடே நம்பியது. அதனால் எழுந்த கலக்கத்திற் குற்றமற்ற பலர் தூக்கிலிடப்பட்டனர். அயர்லாந்தின் பேராயர் ஒலிவர் பிளங்கற் 1681 இல் உயிரிழந்ததும் இதனாலேயே. 1685 இல் ஓற்ஸ் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டான். பிரதம நீதியரசர் ஜெப்றீஸ் தலைமையில் அமைந்த மன்று, பெருந் தண்டப்பணமும் ஆயுட் சிறையும் விதித்ததோடு, ஒரு நாள் ஓல்ட்கேற்றிலிருந்து நியூகேற்வரையும், ஒரு நாள் இடைவிட்டு நியூகேற்றிலிருந்து தைபேண்வரையும் அவனைச் சவுக்கால் அடித்துச் செல்லவும், ஆண்டுதோறும் தண்டமரத்திற் பூட்டி நிறுத்தவும் பணித்தது.

அரசு மாறியபின், மிகைப்பட்ட பிணைப்பணமும் மிகைப்பட்ட தண்டமும் கொடிய வழக்கமில்லாத் தண்டனைகளும் கூடா என்னும் விதி 1689 இல் எழுந்தது. அவ்விதியை வகுத்தபோது ஓற்ஸ் பெற்ற தண்டனையையும் கருத்திற் கொண்டதாகக் கீழவையினர் பின்னர்க் கூறினர். பிரபுக்கள் அவையோ பெரும்பான்மையால் அத்தீர்ப்பை மாற்ற மறுத்தது. ஈண்டு நாம் உற்று நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. யாருக்கு இழைக்கப்பட்டதைக் கொடுமை என்றனரோ, அவன் பிறரைக் கொலைக்களத்துக்கு அனுப்பிய பாதகன். இருந்தும், ஏற்பவன் நல்லவனா தீயவனா என்பது வினாவாகவில்லை. விதிப்பவன் எல்லை கடந்தானா என்பதே வினாவாயிற்று. கொடுமை என்னும் சொல் சட்டத்தில் நிலைபெற்றது இக்கொள்கையினாலேயே. நல்லோரை மட்டும் காக்கும் விதி விதியாகாது.

ஆயினும், ‘வழக்கமில்லா’ என்னும் அடைமொழி அவ்விதியின் கூரை மழுக்கியது. வழக்கத்தில் இருந்த கொடுமைகள் யாவும் தப்பின. இராசத்துரோகக் குற்றத்துக்காகப் பெண்களை எரிக்கும் தண்டனை 1790 இலேயே நீக்கப்பட்டது; தண்டமரம் 1837 வரை நின்றது. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சட்ட அறிஞர் பிளாக்ஸ்ரோன், மரணதண்டனைக்குரிய குற்றங்கள் 160 எனக் கணக்கிட்டார். அத்தொகை பின்னரும் உயர்ந்தது. 1764 இல் இத்தாலியரான பெக்காரியா, குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கடுமையன்று, அது தப்பாமல் வரும் என்னும் உறுதியே என நிறுவியபின்னரே ஐரோப்பியச் சிந்தனை மாறத் தொடங்கியது.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் இவ்வாசகத்தை 1791 இல் தம் அரசியலமைப்பின் எட்டாவது திருத்தமாக ஏற்றன. ஆயினும் 1829 இல், லிடியா என்னும் அடிமைப் பெண்ணைக் கூலிக்குப் பெற்றிருந்தவன் சுட்டுக் காயப்படுத்திய வழக்கில், வட கரோலைனாவின் மேல்மன்று அவனைத் தண்டிக்க மறுத்தது. அடிமையின் பணிவு முழுமையாதற்கு எசமானின் அதிகாரமும் முழுமையாதல் வேண்டும் என்பது நீதியரசர் றபினின் தீர்ப்பு. அரசியலமைப்பிற் பொறிக்கப்பட்ட சொல் அடிமையின் குடிசை வாயிலைக்கூட அணுகவில்லை.

விரிந்த வட்டம்

19 ஆம் நூற்றாண்டில் இச்சொல்லின் எல்லை விரிந்த வரிசை வியப்புக்குரியது. 1751 இல் ஓவியர் ஹோகாத், கொடுமையின் நான்கு படிகள் என்னும் செதுக்கோவியங்களை வெளியிட்டார். விலங்கை வதைக்கும் சிறுவன் வளர்ந்து கொலைஞனாவதை அவை காட்டின. 1789 இல் வெளிவந்த நூலில் பெந்தாம், ஓருயிர் சிந்திக்குமா பேசுமா என்பதன்று, துன்புறுமா என்பதே வினா என்னும் கருத்தை முன்வைத்தார். 1822 இல் கோல்வேத் தொகுதி உறுப்பினர் றிச்சேட் மாட்டினின் முயற்சியால், மாடு முதலியவற்றைக் கொடுமையாக நடத்துவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. 1824 இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இலண்டனில் தோன்றியது.

குழந்தைகளுக்கு இத்தகைய பாதுகாப்பு எப்போது கிடைத்தது? நியூயோர்க் நகரில் 1866 இல் விலங்குகட்குச் சங்கம் கண்டவர் ஹென்றி பேர்க். வளர்ப்புத் தாயால் வதைக்கப்பட்ட மேரி எலன் என்னும் சிறுமியை 1874 இல் மீட்க முன்னின்றவரும் அவரே. அதன் பயனாக 1875 இல் குழந்தைகட்கு ஒரு சங்கம் எழுந்தது. இங்கிலாந்தில் குழந்தைவதைத் தடுப்புச் சட்டம் 1889 இல் வந்தது. எருதுக்குச் சட்டம் வந்து 67 ஆண்டுகள் கழிந்தபின்னரே சிறுவனுக்கு அது வந்தது. எருதை அடிப்போன் தெருவில் அடித்தான், யாவரும் கண்டனர். சிறுவனை அடிப்போன் வீட்டினுள் அடித்தான். அது ஒழுக்கம் பயிற்றலாகக் கருதப்பட்டது.

மனைவியர் நிலையும் அத்தகையதே. 1790 இல் ஒரு வழக்கில் சேர் வில்லியம் ஸ்கொற், உயிருக்கோ உறுப்புக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து நேர்ந்தாலன்றிக் கணவன் செயல் சட்டத்தின்முன் கொடுமையாகாது. மனத்தைப் புண்படுத்துதல் மட்டும் போதாது என விதித்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், 1897 இல் பிரபுக்கள் அவை மிகச் சிறிய பெரும்பான்மையால் அவ்வரையறையையே உறுதி செய்தது. கொடுமை தனித்து நின்று மணவிலக்குக்குக் காரணமாதல் 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே அங்குக் கைகூடியது. பச்சை ஊனும் வடியும் இரத்தமுமே கொடுமைக்குச் சான்று என்னும் பழைய இலத்தீன் கருத்து நீதிமன்றத்துள் எத்துணைக் காலம் நிலைத்தது என்பதை இது காட்டும்.

கண்டி ஒப்பந்தத்திற் கண்ட சொல்

இனி எம் நாட்டுக்கு வருவோம். 1815 மார்ச் 2 ஆந் திகதி கண்டியில் ஆங்கிலேயருக்கும் கண்டிப் பிரதானிகளுக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தத்தின் முதற் பிரிவு இச்சொல்லைக்கொண்டே தொடங்குகின்றது. நாயக்கர் மரபினனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை மலபார் அரசன் எனச் சுட்டி, விசாரணையின்றி உடலை வதைத்தும் உயிரைப் போக்கியும் அவன் செய்த கொடுமைகளும் ஒடுக்குமுறைகளும் பொறுக்கவொண்ணாதன ஆயின என அது கூறும். அக்கொடுமைகள் காரணமாகவே அவன் அரசுரிமை இழந்தான் என்பது ஒப்பந்தத்தின் வாதம். ஆறாம் பிரிவு உடல்வதையையும் உறுப்புக் குறைத்தலையும் ஒழித்தது.

இக்குற்றச்சாட்டு வெறும் புனைவன்று. எகலபொலவின் மனைவி மக்கள் 1814 இல் கொல்லப்பட்ட செய்தி யாவரும் அறிந்தது. வதையை ஒழித்த பிரிவும் நன்மையே. ஆயின், அதே காலத்தில் குற்றஞ் சாட்டியோரின் தலைநகரில் நிகழ்ந்தது என்னை? ஒப்பந்தம் எழுதப்பட்ட ஐந்தாம் ஆண்டில், 1820 மே 1 ஆந் திகதி, அமைச்சரவையைக் கொல்லச் சதி செய்த ஐவர் இலண்டனில் தூக்கிலிடப்பட்டு, பின் மக்கள் திரள்முன் தலை துணிக்கப்பட்டனர். ஆங்கிலப் படையிற் சவுக்கடி 1881 வரை நின்றது. கண்டி நாட்டிலேயே 1817, 1818 ஆம் ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கியபோது ஊர்கள் எரிக்கப்பட்டன. பயிர்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. கெப்பற்றிப்பொல 1818 நவம்பரில் தலை துணிக்கப்பட்டான். மூன்றாண்டின்முன் கொடுமையைக் காட்டி நாட்டைப் பெற்றவர்கள், தாம் செய்ததற்கு அச்சொல்லை வழங்கினரல்லர். அமைதி நிலைநாட்டல் என்றனர்.

எனவே, கொடுமை என்னும் சொல் இருமுனை உடையது. துன்புறுவோன் கையில் அது கேடயம். வல்லோன் கையில் அது வாள். சொல் உண்மையாயிருத்தல் மட்டும் போதாது. அதனைப் பிறர்மேற் சாற்றுவோன் தன்மேலும் சாற்ற இசைகின்றானா என்பதே உரைகல்லாகும்.

இக்கால வழக்கு

இரண்டாம் உலகப் போரின் பின், 1948 இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் ஐந்தாம் உறுப்புரை, சித்திரவதையையும் கொடிய, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்துகையையும் தண்டனையையும் விலக்கியது. 1689 ஆம் ஆண்டு விதியில் நின்ற ‘வழக்கமில்லா’ என்னும் அடைமொழி ஈண்டு இல்லை. வழக்கம் என்னும் மறைப்பு அகன்றது. அதன் வழிவந்ததே இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை. எக்காரணம் பற்றியும் மட்டுப்படுத்தவியலாத உரிமைகளுள் அதுவும் ஒன்று. 1994 இல் சித்திரவதையைக் குற்றமாக்கும் தனிச்சட்டம் வந்தது. நீதிமன்றுகள் சவுக்கடி விதிக்கும் அதிகாரம் 2005 இல் நீக்கப்பட்டது. சட்டத்தில் எழுதப்பட்டது சிறைக்கூடத்திலும் காவல் நிலையத்திலும் எத்துணை நிறைவேறியது என்பது வேறு வினா. இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர்க்கு அதனை விரித்துரைத்தல் வேண்டா.

ஆசிரியராகிய எமக்கு மிக அணித்தான செய்தி ஒன்று உண்டு. 2021 ஆம் ஆண்டில், ஆசிரியர் ஒருவர் மாணவனை அறைந்த வழக்கில், அம்மாணவனுக்குரிய 11 ஆம் உறுப்புரை உரிமை மீறப்பட்டது என உயர் நீதிமன்றம் தீர்த்தது. மன்னனுக்காகச் செனேக்கா வகுத்த வரையறை இருபது நூற்றாண்டு கடந்து வகுப்பறைக்கு வந்துவிட்டது. திருத்தும் உரிமை உடையவன் எல்லை கடத்தலே கொடுமை எனின், அவ்வரையறைக்கு ஆசிரியன் புறத்தே நிற்றல் யாங்ஙனம்? பிரம்பின்றிக் கல்வி இல்லை என்னும் கூற்று, எசமானின் முழு அதிகாரமின்றிப் பணிவு இல்லை என்ற றபினின் கூற்றுக்கும், சில திருடருக்குச் சவுக்கடி தகும் என்ற பழைய சட்டவாதிகளின் கூற்றுக்கும் உறவுடையது என்பதை நடுநின்று ஆராய்வார் உணர்வர். வழக்கம் என்பது கொடுமைக்கு விடையாகாது.

ஒரு சொல்லின் பொருள் அகராதியில் முடிந்துவிடுவதில்லை. ‘குரூவல்’ என்னும் சொல் எழுதப்பட்ட ஒவ்வொரு காலத்தும் அதன் எல்லைக்கு வெளியே யாரோ ஒருவர் நின்றனர்: எரிக்கப்பட்ட பெண், சுடப்பட்ட அடிமை, பூட்டிய வீட்டினுள் அழுத சிறுமி, ஊவாவின் உழவன். அவர்களை உள்ளே அழைத்தது சொல்லின் ஆற்றலன்று. அவர்கள் துன்பத்தைக் கண்டு அதற்கு இப்பெயர் உரியதென இடித்துரைத்த சிலரின் துணிவே. தமிழர் இரக்கத்துக்குக் கண்ணோட்டம் எனப் பெயரிட்டனர். கொடுமைக்கு வன்கண்மை என்றும் ஒரு பெயர் தந்தனர். காணுங் கண்ணையே இரண்டுக்கும் நிலைக்களமாக்கிய அப்பெயரீடு பொருள் பொதிந்தது. எம் காலத்து வழக்கங்களுள் எவை பின்வருவோர் நோக்கிற் கொடுமையெனப்படும் என்னும் வினாவை எழுப்பி, அதற்கு விடை காணும் கண்ணை மாணவர்க்குத் திறந்துவிடுதல் வரலாறு கற்பிப்போர் கடனாகும்.